குண்டு பட்ட இடத்தைக் காட்டும் கண்ணாடி



குறி பார்த்துச் சுடும் விளையாட்டைப் பற்றி நம் மக்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் துப்பாக்கியைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். எந்தத் துப்பாக்கி, என்ன விலை, யாரிடம் உரிமம் என்பதோடு அது முடிந்துவிடும். சுட்ட பிறகு குண்டு எங்கே போய்ப் பட்டது என்பதை எப்படி அறிவது என்று கேட்பவர் குறைவு. பயிற்சியில் பாதி இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. பட்ட இடம் தெரியாமல் அடுத்த குண்டைச் சுடுகிறவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை; குண்டுதான் செலவாகிறது. ஆகவே இன்றைய பேச்சில், இலக்கைப் பார்ப்பதற்கென்று முக்காலியின் மேல் வைக்கும் ஒற்றைக் குழல் தொலைநோக்கியை, அதாவது கடைகளில் 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' என்று கேட்டு வாங்கும் பொருளை, குறைந்த செலவில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம். நம் ஊரில் 'தெரோப்போங்' என்ற மலாய்ச் சொல்லே இதற்கும் வழங்குகிறது. நாம் நோக்குகுழல் என்று சொல்லிக்கொள்வோம்.

துப்பாக்கி என்ற சொல்லுக்குப் பேராக்கில் ஒரு தனிக் கனம் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் பிறந்தது. அது 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டிருந்ததையும், பால்மரக் காட்டுக்குப் போகிறவர்களைச் சோதனையிட்டு அனுப்பியதையும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பிறகு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் கூடுதல் தண்டனைச் சட்டமும் வந்தன. இன்றும் காற்றுத் துப்பாக்கி உட்பட எதையும் உரிமம் இன்றி வைத்திருக்க முடியாது. ஆகையால் நாம் பேசப்போவது, சங்கத்திலோ, கல்லூரி அணியிலோ, சீருடைப் பணியிலோ முறைப்படி சேர்ந்து, அனுமதி பெற்ற சுடுகளத்தில் பயிற்சி செய்பவர்களுக்கு உரியது. சங்கத்துத் துப்பாக்கி சங்கத்திலேயே இருக்கும். சொந்தமாக வாங்க வேண்டியிருப்பது பெரும்பாலும் சட்டை, காதடைப்பான், இந்த நோக்குகுழல் ஆகியவைதாம்.

தோட்டம் துண்டாடப்பட்டு, அல்லது செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் மாறிவிட்டு, புந்தோங்கிலோ மேங்களம்புவிலோ வந்து குடியேறிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரி அணியில் தேறிவிட்டாள். "அப்பா, எல்லாரும் ஸ்கோப் வெச்சிருக்காங்க" என்கிறாள். அப்பா கையில் 600 வெள்ளி இருக்கிறது. அது மூன்று மாதக் கூடுதல் நேர வேலையின் பணம். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதே நம் கேள்வி.

முதலில் கேட்க வேண்டியது: மகள் எத்தனை மீட்டரில் சுடுகிறாள்? 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி என்றால் 600 வெள்ளியும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். அந்தப் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான்; ஆனாலும் சங்கங்களில் இலக்குத் தாளைக் கம்பிச் சுருளில் இழுத்து அருகில் கொண்டுவந்து பார்த்துவிடலாம். பெரிய போட்டிகளில் மின்னணு இலக்கு வந்துவிட்டது. பட்ட இடம் சுடுகிறவர் பக்கத்துத் திரையில் தெரிகிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும், 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நம் நாட்டு நூர் சுரியானியும் பெயர் பெற்றது இந்த 10 மீட்டர் பிரிவில்தான். அதற்கு நோக்குகுழல் தேவைப்படுவதில்லை. யாரோ வைத்திருக்கிறார்கள் என்பதற்காக வாங்கும் முதல் பொருளை இங்கேயே தவிர்த்துவிடலாம்.

50 மீட்டர் என்றால் கதை வேறு. அங்கே பயன்படும் சிறு துளைத் துப்பாக்கியின் குண்டு தாளில் போடும் ஓட்டை ஏறக்குறைய 5.6 மில்லிமீட்டர். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 10.4 மில்லிமீட்டர். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைத்தான் பிரித்தறியும். 50 மீட்டர் தொலைவில் அது ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் ஆகிறது. ஆகவே வெறுங்கண்ணால் அந்த ஓட்டை எந்த வட்டத்தில் பட்டது என்று சொல்ல இயலாது. எழுந்து நடந்து போய்ப் பார்க்கலாமே என்றால், ஒருவர் நடப்பதற்காகக் களத்தில் உள்ள அத்தனை பேரும் சுடுவதை நிறுத்தித் துப்பாக்கியைக் கீழே வைக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் அது எத்தனை முறை நடக்கும்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். துப்பாக்கியின் மேல் பொருத்திய குறிநோக்கி வழியாகவே பார்த்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. கண் போகும் திசைக்கெல்லாம் துப்பாக்கியின் வாயும் போகும் என்பதை நினைத்துப் பார்த்தால், இது ஏன் ஆபத்தானது என்பது விளங்கும்.

சரி, எவ்வளவு பெரிதாகக் காட்டும் கருவி வேண்டும்? நோக்குகுழலின் மேல் '20×60' என்றோ '20–60×60' என்றோ எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. கடைசி எண் முன்புறக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு என்றால் 50 மீட்டரில் உள்ள தாளை இரண்டரை மீட்டரில் வைத்துப் பார்ப்பது போல. சுவர்க் கடிகாரத்தை நாற்காலியில் இருந்து பார்க்கும் தூரம்தான் அது. ஓட்டை தெளிவாகத் தெரிந்துவிடும். 100 மீட்டருக்கு 30 மடங்கு தாராளம். 300 மீட்டர் சுடுகிறவர்களுக்குத்தான் 40 மடங்கும் அதற்கு மேலும் உதவும். அவர்கள் 80 மில்லிமீட்டர் கண்ணாடி தேடுவது நியாயமே.

ஆனால் இரவுச் சந்தையிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் விற்பது என்ன? 75 மடங்கு, 100 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்ட பெட்டிகள். எண் பெரிதானால் பொருள் உயர்ந்தது என்று நம்புவது எளிது. கணக்கைப் பாருங்கள். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 60ஐ 20ஆல் வகுத்தால் 3 மில்லிமீட்டர். பட்டப்பகலில் நம் கண்மணி விரிவதும் ஏறக்குறைய அவ்வளவே; ஆகவே காட்சி பளிச்சென்று இருக்கும். அதே 60ஐ 60ஆல் வகுத்தால் 1 மில்லிமீட்டர். ஒளி ஒன்பதில் ஒரு பங்காகிறது. மாலை ஆறு மணிக்கு மேகம் கட்டிய நேரத்தில் இலக்கு இருண்ட சாம்பலாகத் தெரியும். முன்கண்ணாடிக்குப் பிரித்துக் காட்டும் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிப் பெருக்கினால் மங்கல்தான் பெரிதாகும். இதை நாம் பலூனில் எழுதிய எழுத்தோடு ஒப்பிடுவோம். ஊதினால் எழுத்து பெரிதாகும், புது எழுத்து எதுவும் வராது.

நம் வெப்ப நாட்டில் இன்னொரு தடையும் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் கிந்தா பள்ளத்தாக்கில் தரை சூடேறியதும் காற்று அலை அலையாக எழும். தார்ச்சாலையின் மேல் தண்ணீர் போல ஆடுமே, அந்தக் கானல்தான். 20 மடங்கில் இலக்கு இலேசாக நெளியும். 60 மடங்கில் பாத்திரத்துக்குள் கிடப்பது போல ஆடும். எத்தனை ஆயிரம் வெள்ளிக் கண்ணாடியாலும் இதை நிறுத்த முடியாது. (அனுபவப்பட்ட சுடுநர்கள் அந்தக் கானல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே காற்றின் போக்கைக் கணிப்பார்கள். அதற்கும் 20, 25 மடங்கே போதும்.)

ஆகவே 50 மீட்டர் சுடும் மகளுக்கு நம் பரிந்துரை, மடங்கு மாறாத 20 அல்லது 25, முன்கண்ணாடி 60. மாறும் மடங்குக் கருவிதான் கிடைக்கிறது என்றால் வாங்கலாம். பெரும்பாலும் தாழ்ந்த முனையிலேயே பயன்படுத்துவோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒரே விலைக்கு இரண்டும் கிடைக்குமானால் மாறாததில்தான் கண்ணாடி நன்றாக இருக்கும். காரணம், சுழலும் பாகத்துக்குப் போகும் செலவு கண்ணாடிக்குப் போயிருக்கும்.

கண்ணாடியின் தரத்தை எப்படி அறிவது? பூச்சு இல்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. குழலுக்குள் இப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால், உள்ளே போன ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். இதைத் தடுக்க, 1935ஆம் ஆண்டு ஜெர்மனியில் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் சிமாக்குலா என்பவர் மெல்லிய பூச்சு முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்று எல்லாப் பெட்டியிலும் 'பூச்சுப் பூசியது' என்று எழுதியிருக்கும். சொல்லைப் பார்க்க வேண்டாம். கடையின் மின்விளக்கு முன்கண்ணாடியில் எப்படிப் பிரதிபலிக்கிறது என்று பாருங்கள். விளக்கின் நிழலுரு பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகத் தெரிந்தால் பூச்சு உண்டு. வெள்ளை வெளேரென்று கண்ணைப் பறித்தால் இல்லை. ஆரஞ்சுச் சிவப்பாகக் கண்ணாடிபோல் பளபளக்கும் மலிவுச் சரக்கு ஒன்றும் உண்டு. அது பார்வைக்கு மிடுக்காக இருக்கும். ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து, கருவியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கி வைத்து, கண் வைக்கும் துளையைப் பாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு நொடிப் பார்வை கண்ணையே பறித்துவிடும். துளையில் ஒரு சிறு ஒளிவட்டம் மிதக்கும். அது முழு வட்டமாக இருந்தால் உள்ளே உள்ள முப்பட்டகம் நல்ல கண்ணாடி; பெட்டியில் 'பேக் 4' என்று போடுவார்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரமாகச் சாம்பல் தட்டியிருந்தால் மலிவான கண்ணாடி.

இனி, தவுக்கேயிடம் கேட்டுக் கருவியைக் கடை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ஈப்போக்காரர்களுக்கு இந்தச் சோதனைக்கு இயற்கையே வசதி செய்து கொடுத்திருக்கிறது. ஊரைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஒன்றை, கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் செரோ பக்கமாக இருந்தாலும் சரி, நோக்குங்கள். வெளிறிய பாறை விளிம்பும் வானமும் சந்திக்கும் கோட்டில் ஊதாவும் பச்சையுமாக நூல் போல் நிறம் கசிகிறதா? கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதை முற்றும் நீக்கும் சிறப்புக் கண்ணாடிக்கு விலை பல மடங்கு. பட்டை அடித்தது போல் கசிந்தால் அந்தக் கருவி வேண்டாம். பழைய நகரில் நிற்பவர்கள் 1909ஆம் ஆண்டு கட்டிய பர்ச் மணிக்கூண்டின் முகத்தைப் பார்க்கலாம். நடுவில் எண் தெளிவாக இருக்கும்போது ஓரத்து எண் கரைந்து போகிறதா என்று தெரிந்துவிடும்.

இவற்றைக் காட்டிலும் நம்பகமான சோதனை ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. அன்றைய தமிழ் நாளிதழ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், 20 மீட்டர் தொலைவில் ஐந்தடியின் கடைவழிச் சுவரில் ஒட்டுங்கள். தலைப்பை விட்டுவிட்டுச் செய்தியின் சிற்றெழுத்தைப் படியுங்கள். மெய்யெழுத்துகளின் தலையிலிருக்கும் புள்ளி தெரிகிறதா? ண, ன இரண்டின் சுழிகளும் எண்ணக்கூடியபடி பிரிந்து நிற்கின்றனவா? அந்தப் புள்ளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 20 மடங்கில் அதை எட்டும் கருவி, 50 மீட்டரில் 5.6 மில்லிமீட்டர் ஓட்டையைக் கட்டாயம் காட்டும். இரண்டு கருவிகளை அடுத்தடுத்து வைத்து ஒரே வரியைப் படித்துப் பார்த்தால், விற்பவர் சொல்லும் எதுவும் தேவைப்படாது.

மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றாமலே சோதிக்க வேண்டும். கண்ணுக்கும் கருவிக்கும் இடையே விடும் தூரம் 15 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், காட்சி சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போல் சுருங்கிவிடும். கண் வைக்கும் பாகம் நேராக இருப்பதும் உண்டு, 45 பாகை சாய்ந்திருப்பதும் உண்டு. படுத்துச் சுடுகிறவர்களுக்குச் சாய்ந்ததே நலம். குழலைத் தன் அச்சில் திருப்பி, கண் வைக்கும் பாகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால், தோளும் முழங்கையும் அசையாமல் தலையை மட்டும் சிறிது திருப்பிப் பார்க்கலாம். படுத்த நிலை ஒருமுறை கலைந்தால் அடுத்த குண்டு வேறிடம் போகும் என்பது சுடுகிறவர்களுக்குத் தெரியும்.

பணத்தைப் பங்கிடும் இடத்துக்கு வருவோம். 600 வெள்ளியையும் குழலுக்கே கொடுத்துவிட்டு, பெட்டியோடு வந்த ஒரு சாண் பிளாஸ்டிக் முக்காலியில் வைப்பவர்களைப் பல களங்களில் பார்க்கிறோம். 20 மடங்கு காட்சியைப் பெருக்கும் கருவி நடுக்கத்தையும் 20 மடங்கு பெருக்கும். விரல் பட்டால் இலக்கு துள்ளும். காற்று வீசினால் ஓட்டை எங்கே என்று தேட வேண்டும். நம் கணக்கு குழலுக்கு 400, முக்காலிக்கு 200. கனமான பழைய புகைப்பட முக்காலி ஒன்று கிடைத்தால் அந்த 200-லும் மிச்சம் பிடிக்கலாம். அதன் நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் இன்னும் உறுதி.

பழைய கருவி வாங்கலாமா என்றால், தாராளமாக. ஜப்பானில் செய்த பழைய 20×60 குழல்கள் பழம்பொருள் சந்தைகளில் இப்போதும் தலைகாட்டுகின்றன. ஜப்பானியத் தொலைநோக்கி ஆய்வுக் கழகத்தின் 'பாஸ்ட்' என்ற பொன்னிற நீள்வட்ட ஒட்டு சிலவற்றில் ஒட்டியிருக்கும். ஏற்றுமதிக்கு முன் சோதித்தார்கள் என்பதற்கு அது அடையாளம். ஆனால் ஒட்டைப் பார்த்து ஏமாறாமல், ஒரு சிறு கைவிளக்கை முன்கண்ணாடி வழியாக உள்ளே அடித்து, மறுமுனையில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலவோ பனிப்பூ போலவோ கிளை விரிந்து தெரிந்தால் அது பூசணம். அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. பாதி விலை என்றாலும் வேண்டாம்.

மழைக்குப் பேர்போன தைப்பிங்கிலும், பொதுவாகப் பேராக் முழுவதிலும், இந்தப் பூசணம்தான் கண்ணாடிகளுக்கு முதல் எதிரி. உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்த நீர்புகாக் கருவி கிடைத்தால் சற்றே கூடுதல் விலை கொடுக்கலாம். நிழலுக்கும் நிறத்துக்கும் கொடுக்கும் பணத்தை விட இந்த நாட்டில் இது பயனுள்ளது. கருவியைத் தோல் உறையில் மூடி அலமாரியில் வைப்பது பூசணத்துக்கு விருந்து வைப்பது போல. மூடி இறுகிய பிஸ்கட் தகரம் ஒன்றில் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு வையுங்கள். நீல மணி வெளிர் சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மறுபடி நீலமாகும். மழையில் நனைந்து வந்தால் உடனே அடைத்து வைக்காமல் ஓரிரவு மின்விசிறியின் கீழ் விடுங்கள்.

குழல் வாங்கவே பணம் கூடவில்லை என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. கறுப்பில் பட்ட ஓட்டைதான் தெரிவதற்குக் கடினம். வெள்ளைத் தாளில் பட்டது எளிதில் தெரியும். ஆகவே பயிற்சிக்கு மட்டும், கறுப்பு வட்டத்துக்குப் பதிலாக மெல்லிய கோட்டு வட்டம் வரைந்த வெள்ளைத் தாளைப் பயன்படுத்திப் பாருங்கள். பட்ட இடத்தில் மஞ்சள் வளையம் தெறிக்கும் ஒட்டுத்தாள்களும் விற்கின்றன. இலக்குத் தாளின் பின்னே ஓர் அங்குல இடைவெளி விட்டு வெளிர்நிற அட்டை வைத்தால், ஒளி விழும் கோணத்தில் ஓட்டைகள் பளிச்சிடும். இவற்றோடு வீட்டில் இருக்கும் சாதாரண 10×50 இரட்டைக் குழலை முக்காலியில் கட்டி வைத்தால், 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் பயிற்சிக்கு அதுவே மிகுதி. அணியில் நாலு பேர் சேர்ந்து ஒரு நல்ல குழல் வாங்கி, கைப்பேசியைக் கண்ணருகில் பொருத்தும் பிடி ஒன்றையும் மாட்டிவிட்டால், பயிற்சியாளரும் பிள்ளைகளும் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிடியின் விலை சில பத்து வெள்ளிதான்.

இன்னும் ஒன்று. இந்த 20 மடங்குக் குழல் சுடுகளத்தில் மட்டும் வேலை செய்வதில்லை. பத்துகாஜா அருகே பழைய ஈயக் குட்டைகளில் அமைந்த கிந்தா இயற்கைப் பூங்காவில் கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டும் மரங்களைக் கரையில் இருந்தபடியே பார்க்கலாம். கோலா குலாவின் சேற்றுக் கரைக்கு வடக்கே இருந்து வலசை வரும் பறவைகள் செப்டம்பர் தொடங்கி வந்து இறங்கும். மகள் சுடும் நாளில் குழல் அவளுக்கு. மற்ற நாளில் தம்பிக்கும் தாத்தாவுக்கும். தோட்டத்துக் காட்டில் குரலை மட்டும் கேட்டுப் பழகிய பறவைகளின் நிறத்தைத் தாத்தா அப்போதுதான் பார்ப்பார். பறவைக்குக் கருவியை வாங்குகிறவர்களுக்கும் மேலே சொன்ன சோதனைகள் அத்தனையும் பொருந்தும். முக்காலி மட்டும் நின்று பார்க்கும் உயரத்துக்கு இருக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது நாளிதழ், கைவிளக்கு, ஒட்டும் நாடா ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளில் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே தவுக்கேயிடம் கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.